வரப்பில்லாத வயல்கள்: லாக்ஸ்டன் கிராமத்தில் சில நாட்கள்

முதல் நாள், புதன் இரவு

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் நியூவார்க் நார்த்கேட் வந்துவிடுகிறது. அங்கிருந்து டாக்சி. நவம்பர் கடைசி என்பதால் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வழி நெடுக இரண்டு பக்கமும் வேலிச்செடிகள் கார் விளக்கில் வந்து வந்து போயின. லாக்ஸ்டன் நெருங்க நெருங்க அவை குறைந்தன. ஒரு இடத்தில் வேலியே இல்லாமல் போய், ரோட்டின் ஓரத்திலிருந்து நிலம் அப்படியே இருட்டுக்குள் விரிந்தது. “இதுதான் அந்த வயல்” என்றார் டிரைவர். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது கேட்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கும் இந்தச் சின்ன கிராமத்துக்கு வர வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் நடு இங்கிலாந்தின் பெரும்பாலான கிராமங்கள் இப்படித்தான் இருந்தன. ஊரைச் சுற்றி மூன்று நான்கு பெரிய வயல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நீளத் துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும். ஒரு குடும்பத்துக்கு எல்லா வயலிலும் அங்கொன்று இங்கொன்றாகத் துண்டுகள் இருக்கும். எந்த வயலில் என்ன போடுவது, எப்போது அறுப்பது, அறுத்தபின் எப்போது மாடுகளை விடுவது, எல்லாம் ஊர் கூடி முடிவெடுக்கும். பிறகு பாராளுமன்றம் சட்டம் சட்டமாகப் போட்டு அந்த நிலங்களை ஒருங்கிணைத்து, தனித்தனிச் சொத்தாக்கி, வேலியடைத்தது. 1604 முதல் 1914 வரை இப்படி 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள், ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர். அதாவது இங்கிலாந்தின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல். இங்கிலாந்தின் அழகு என்று நாம் படங்களில் பார்க்கிற அந்த வேலிச்செடிக் கட்டங்களில் பல, ஒரு ஊரின் பொது வாழ்க்கை முடிந்த இடத்தில் நட்டவை. அது தெரிந்த பிறகு அந்தப் படங்களை முன்போல ரசிக்க முடிவதில்லை.

லாக்ஸ்டன் அதில் தப்பியது. மூன்று வயல் சுழற்சியும், அதை நடத்துகிற ஊர் நீதிமன்றமும் சேர்ந்து இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பது இங்கே மட்டும்தான்.

நாளைக்கு ‘ஜூரி டே’, அந்த நீதிமன்றத்தின் ஜூரி, அதாவது ஊர் நடுவர் குழு, வயலைப் பார்வையிடும் நாள். வருடத்தில் ஒரே ஒரு நாள். அதைப் பார்க்கத்தான் வந்தேன். தங்கியிருப்பது ஒரு பண்ணை வீட்டில். வீட்டுக்கார அம்மா நான் ஷூவோடு வந்ததைப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் உள்ளே போய் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து கதவருகே வைத்தார்.

இரண்டாம் நாள், வியாழன்

காலையில்தான் ஊரைச் சரியாகப் பார்த்தேன். ஒரே நீளத் தெரு. சிவப்புச் செங்கல் பண்ணை வீடுகள் தெருவுக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டுச் சுவரைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. பின்னால் முற்றம், தானியக் கிடங்கு, மாட்டுக் கொட்டகை. இங்கிலாந்தின் மற்ற இடங்களில் விவசாயி வீடு பெரும்பாலும் தன் நிலத்தின் நடுவே தனியாக நிற்கும். இங்கே ஒருவருடைய நிலம் நாலு திசையிலும் சிதறிக் கிடப்பதால், எல்லாவற்றுக்கும் நடுவான இடம் ஊர்தான். ஆகவே எல்லா விவசாயிகளும் ஒரே தெருவில் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள். ஒருவர் டிராக்டரைக் கிளப்பினால் தெருவுக்கே தெரியும்.

டவ்கோட் இன் என்ற மதுவிடுதி வாசலில் ஆட்கள் கூடினார்கள். ஜூரியில் பன்னிரண்டு பேர் உண்டு, அவர்களுக்கு ஒரு ஃபோர்மேன். வெளியூர்க்காரன் ஒருவன் பின்னால் வரலாமா என்று கேட்டேன். “பூட்ஸ் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார்கள். டிராக்டருக்குப் பின்னால் கட்டிய டிரெய்லரில் எல்லோரும் ஏறிக்கொண்டோம். கீழே முளைக்குச்சிகள் ஒரு கட்டு, ஒரு பெரிய சுத்தியல், மண்வெட்டிகள்.

மூன்று வயல்களின் பெயர் தெற்கு வயல், மில் வயல், மேற்கு வயல். ஒன்றில் குளிர்காலக் கோதுமை. இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கிற பயிர். மூன்றாவது தரிசு, அல்லது தீவனப் பயிர். அடுத்த வருடம் இது ஒரு படி நகரும். எந்த வயலில் கோதுமை விதைத்திருக்கிறதோ அதை மட்டும்தான் ஜூரி அந்த வருடம் பார்வையிடும். இந்த முறை அது மேற்கு வயல்.

வயலுக்குள் இறங்கியதும் எனக்கு முதலில் பட்டது, வரப்பு இல்லை என்பது. ஒரு வரப்புகூட இல்லை. ஒருவருடைய துண்டு முடிந்து இன்னொருவருடைய துண்டு தொடங்குவது ஓர் உழவுச் சாலின் பள்ளத்தில். அவ்வளவுதான். கோதுமை விரல் நீளம் முளைத்திருந்தது. விதைத்த நாள் வேறு வேறு என்பதால் பச்சை துண்டுக்குத் துண்டு மாறுகிறது. அந்த நிற வித்தியாசத்தை வைத்துத்தான் என் கண்ணுக்கு எல்லை தெரிந்தது. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. “இது இன்னாருடையது, அது இன்னாருடையது” என்று நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு போனார்கள்.

மண் சிவப்புக் களிமண். ஈரத்தில் பூட்ஸை விடவே விடாது. பத்தடி நடப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ ஏறிவிடும். ஒரு பெரியவர் சின்னக் குச்சி ஒன்று வைத்திருந்தார். நின்று பேசும்போதெல்லாம் பூட்ஸிலிருந்து மண்ணை வழித்துப்போட்டுக்கொண்டே பேசினார்.

ஜூரி பார்க்கிற குற்றங்கள் இரண்டு மூன்றுதான். பொதுப் பாதைக்குள்ளோ, வயலுக்கு நடுவே விட்டிருக்கும் பொதுப் புல்தரைக்குள்ளோ தள்ளி உழுதிருக்கிறார்களா? பக்கத்துத் துண்டைக் கடித்திருக்கிறார்களா? வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டிருக்கிறார்களா?

ஒரு இடத்தில் நின்றார்கள். ஃபோர்மேன் குனிந்து, ஒரு கண்ணை மூடி, பழைய முளையிலிருந்து தூரத்தில் இருந்த அடுத்த முளைக்கு நேர்கோடு பிடித்தார். நடுவில் நின்றவரைக் கையசைத்து அரையடி இடது பக்கம் போகச் சொன்னார், அப்புறம் இன்னும் கொஞ்சம். அந்த ஆள் காலடியில் குதிகாலால் ஒரு குழி அழுத்தினார். குழி விழுந்த இடத்தில் கோதுமை முளைத்திருந்தது. அதாவது அங்கே பாதை இருந்திருக்க வேண்டும், கலப்பை ஏறக்குறைய ஓரடி தள்ளி ஓடியிருக்கிறது. யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் முளையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் சுத்தியலால் மூன்று அடி அடித்தார். களிமண் என்பதால் மூன்றாவது அடியிலேயே இறங்கி நின்றுவிட்டது. ஃபோர்மேன் நோட்டில் எழுதினார். எழுதும்போது நிமிர்ந்து பார்க்காமல், “இது உங்களுடையதுதானே?” என்று கேட்டார். “என்னுடையதுதான்” என்று பதில் வந்தது. முளையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளேதான்.

அந்த நொடியை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் முகத்தில் அவமானம் எதுவும் இல்லை. முளையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்து, உறுதியாக இருக்கிறது என்று தலையசைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தார்.

திரும்பி வரும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவ்வளவு சிதறலாக நிலம் இருப்பது தொல்லை இல்லையா என்று கேட்டேன். தொல்லைதான் என்றார். பெரிய இயந்திரம் திரும்ப இடம் போதாது, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே நேரம் ஆகிறது. “ஆனால் மேட்டு மண்ணும் என்னிடம் இருக்கிறது, பள்ளத்து மண்ணும் என்னிடம் இருக்கிறது. மழை அதிகமானாலும் குறைந்தாலும் ஏதோ ஒன்று வரும். நல்ல மண் முழுவதும் ஒருவருக்கே போய்விடாது” என்றார்.

மத்தியானம் எல்லோரும் விடுதியில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அப்புறம் ஜூரி மட்டும் உட்கார்ந்து அபராதங்களை முடிவு செய்தது. அதைக் கேட்க எனக்கு அனுமதி இல்லை; கேட்டிருக்கவும் கூடாது. அறிக்கை அடுத்த வாரம் நீதிமன்றத்தில் வரும். அதற்கு மறுபடியும் வந்துவிடுவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

மூன்றாம் நாள், வெள்ளி

இன்று வெயில். விடுதிப் பக்கத்தில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் 1635 வரைபடத்தின் நகலைப் பார்த்தேன். மூலப் படம் ஆக்ஸ்ஃபர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. மார்க் பியர்ஸ் என்ற சர்வேயர் வரைந்தது. ஒவ்வொரு துண்டும் அதில் இருக்கிறது, இரண்டாயிரத்துக்கும் மேல். வெறும் கோடுகளாக இல்லை. ஒருவன் ஏர் ஓட்டுகிறான், சிலர் குனிந்து அறுக்கிறார்கள், வண்டி போகிறது, மாடு மேய்கிறது. எல்லாம் ஒரு நகக்கண் அளவில். அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கியதால் இன்று இருநூறுகூட இல்லை, வயல்களும் சுருங்கிவிட்டன. ஆனாலும் நேற்று நாங்கள் நடந்த பாதை அந்தப் படத்திலேயே இருக்கிறது.

இந்தப் படத்தை வரையச் சொன்னவர் சர் வில்லியம் கோர்ட்டன். லாக்ஸ்டனை விலைக்கு வாங்கிய லண்டன் வணிகர். அதே 1635இல்தான் அவர் சார்லஸ் மன்னரிடம் அனுமதி வாங்கி, கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக நம் பக்கம் கப்பல் அனுப்பக் கூட்டாளிகளைச் சேர்த்தார். அடுத்த வருடமே அவர் இறந்துவிட்டார், கப்பல்கள் வந்து சேர்ந்தன. நம் மேற்குக் கரையில் பட்கலில் கூட அவர்கள் கடை போட்டார்கள். ஒரு கையில் இந்த ஊர்க் குடியானவர்களின் துண்டு நிலங்களை அடி அடியாக அளந்துகொண்டே, இன்னொரு கையால் மிளகுக்குக் கப்பல் விட்ட மனிதர்.

இன்னொன்றும் அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நம் பத்திரங்களில் எழுதுகிறோமே, ஏக்கர், அது இந்த மாதிரி வயலில் பிறந்த அளவு. ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் உழக்கூடிய நிலம். நீளம் ஒரு ஃபர்லாங், 220 கெஜம். ‘சாலின் நீளம்’ என்பதுதான் அந்தச் சொல்லுக்கே பொருள், மாடுகள் நிற்காமல் இழுத்துப் போகக்கூடிய தூரம். எங்கள் தாத்தா “ரெண்டு பர்லாங் நடந்தா கோயில்” என்பார். அகலம் ஒரு சங்கிலி, 22 கெஜம். கிரிக்கெட் பிட்ச்சின் நீளமும் அதே 22 கெஜம்தான். ஒரு பிட்ச்சைக் குறுக்கே கிடத்தி, ஒரு ஃபர்லாங் தூரத்துக்கு இழுத்துக்கொண்டே போனால் ஓர் ஏக்கர்.

மத்தியானம் கோட்டை மேடு. கல் எதுவும் மிச்சமில்லை, புல் மூடிய மண்மேடும் அகழியும்தான். பிரான்சிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்தபின் எழுதிய 1086 நிலப் பதிவேட்டில் இந்த ஊர் ஜெஃப்ரி ஆல்ஸலின் என்பவர் பெயரில் இருக்கிறது. அதற்கு முன் டோக்கி என்பவருடையது. மேட்டின் மேல் நின்றால் ஊர், தேவாலயக் கோபுரம், அதற்கு அப்பால் வேலியில்லாத வயல்கள்.

புனித மிக்கேல் தேவாலயத்தில் பழைய பிரபுக்களான எவரிங்ஹாம் குடும்பத்தின் கல்லறைச் சிலைகள் இருக்கின்றன. ஆடம் டி எவரிங்ஹாம் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு மனைவியர். ஆடமும் முதல் மனைவியும் கல்லில். இரண்டாவது மனைவி மார்கரெட் மட்டும் மரத்தில். நாட்டிங்ஹாம்ஷயர் முழுவதிலும் இடைக்காலத்து மரச்சிலை இது ஒன்றுதான். கல்லில் இருப்பவர்கள் பிரபுக்களாகத் தெரிகிறார்கள். இந்த அம்மாள் மட்டும் தூங்கிக்கொண்டிருப்பது போல இருந்தது.

நான்காம் நாள், சனி

காலை முழுவதும் மழை. ரயில் பிற்பகலில்.

கிளம்பும் முன் பின்ஃபோல்டைப் பார்த்தேன். மேயக் கூடாத இடத்தில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கிற இடம். அபராதம் கட்டினால்தான் மாடு வெளியே வரும். அதைப் பார்த்துக்கொள்பவருக்கு ‘பின்டர்’ என்று பெயர். வீட்டுக்கார அம்மா இதை எனக்கு விளக்க ஆரம்பித்தார். விளக்கவே தேவையில்லை, எங்கள் ஊரிலும் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பின்னால் ‘பவுண்டு’ இருந்தது என்றேன். 1871இல் வெள்ளையர் ஆட்சி கால்நடைச் சட்டம் போட்டு இந்தியக் கிராமங்களில் நிறுவிய அதே பவுண்டு. அவர் ஆச்சரியப்பட்டு, எவ்வளவு அபராதம், யார் வசூலித்தார்கள், யாராவது ராத்திரியில் மாட்டைத் திருட்டுத்தனமாக ஓட்டிக்கொண்டு போனார்களா என்றெல்லாம் கேட்டார். போனார்கள் என்றேன். இங்கேயும் நடந்திருக்கும் என்றார்.

மழை விடும்வரை அடுப்பருகே உட்கார்ந்து அவர் சொன்னதுதான் இந்த ஊரின் சமீபத்துச் சரித்திரம். பல தலைமுறைகளாக ஊர் மான்வர்ஸ் பிரபு குடும்பத்திடம் இருந்தது. விவசாயிகள் குத்தகைக்காரர்கள். 1952இல் ஆறாவது மான்வர்ஸ் பிரபு, இந்த முறை அழியாமல் இருக்க வேண்டும் என்று ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டிடம் போனது. 2018இல் கிரவுன் எஸ்டேட் விற்கப்போவதாக அறிவித்தபோது ஊரே தூக்கம் இழந்தது. வாங்குகிறவர் யார், துண்டுகளைச் சேர்த்து விற்றுவிடுவாரா, அடுத்த வருடம் ஜூரி இருக்குமா என்று ஒன்றும் புரியவில்லை. கடைசியில் 2020இல் வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது அதே பழைய மான்வர்ஸ் குடும்பத்து வழியினர். ஊர் மூச்சு விட்டது.

அவருக்கு இன்னும் ஒரு கவலை இருக்கிறது. வயலில் துண்டு வைத்திருக்கும் பண்ணைகள் இப்போது பதினைந்துக்கும் குறைவு. பிள்ளைகள் படித்து வெளியே போகிறார்கள். “வயலைக் காப்பாற்றச் சட்டம் போடலாம். பன்னிரண்டு பேரைச் சட்டம் போட்டுக் கொண்டுவர முடியாது” என்றார். எனக்கும் அதுதான் பயம். கட்டடம் என்றால் பூட்டி வைத்துக் காப்பாற்றலாம். இது அப்படி இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் ஆட்கள் பூட்ஸ் போட்டு வெளியே வர வேண்டும்.

ஐந்தாம் நாள், அடுத்த வாரம்

மறுபடியும் அதே ரயில், அதே டாக்சி ஸ்டாண்டு. வழியை விட்டுவிடுகிறேன்.

நீதிமன்றத்தின் பெயர் கோர்ட் லீட். நடப்பது டவ்கோட் விடுதியில். பிரபுவின் சார்பில் ஒரு வழக்கறிஞர், ஸ்டூவர்ட் என்ற பதவியில், தலைமை தாங்குகிறார். பெய்லிஃப் என்ற நீதிமன்ற ஊழியர் எழுந்து பழைய ஆங்கிலத்தில் அறிவிப்புச் செய்து அவையைத் தொடங்கினார். ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுவதும் இப்படி ஊருக்கு ஊர் நீதிமன்றம் இருந்தது. 1977இல் வந்த சட்டம் பெரும்பாலானவற்றின் அதிகாரத்தை எடுத்துவிட்டது. லாக்ஸ்டனுக்கு விலக்குத் தந்தது. ஆகவே இது சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்திக் காட்டும் சடங்கு அல்ல. இவர்கள் போடும் அபராதத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

அறை சின்னது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஈரக் கோட்டுகளின் வாடை. ஃபோர்மேன் அறிக்கையை வாசித்தார். ஒரு வாய்க்கால் தூர்வாரவில்லை: ஒரு தொகை, அதோடு சரிசெய்யக் கெடு. பாதைக்குள் தள்ளி உழுதது: ஒரு தொகை. அடுத்த ஊரில் ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஆகிற பணம்தான். ஆனால் பெயர் வாசிக்கப்படும்போது அறையில் ஒரு அமைதி வந்தது. எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. முளையைப் பிடித்த ஆள் எழுந்து, ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அப்புறம் அடுத்த வருட ஜூரி சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டது. பைபிளைத் தொட்டு, பிரபுவுக்கும் ஊருக்கும் உண்மையாகப் பார்வையிடுவோம் என்று. எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். ஒரே ஒரு இளைஞனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும், கை நகங்களில் டிராக்டர் கிரீஸ் போகாமல் இருந்தது. வீட்டுக்கார அம்மா கூட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, கண்ணால் அவனைக் காட்டினார்.

எல்லாம் முடிந்து ஆளுக்கொரு கிளாஸோடு நின்றபோது முளையைப் பிடித்தவரிடம் போனேன். அபராதத்தை அங்கேயே கட்டிவிட்டாராம். அடுத்த வருடம் கோதுமை வேறு வயலுக்குப் போய்விடும், அதற்கடுத்த வருடம் இன்னொன்றுக்கு. அப்படியானால் உங்கள் அந்த முளையை ஜூரி மறுபடி பார்க்க மூன்று வருடம் ஆகுமே, அதுவரை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

அவர் கிளாஸைக் கீழே வைக்காமல், தோளுக்குப் பின்னால் நின்று யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கட்டைவிரலால் காட்டினார். “பாதைக்கு அந்தப் பக்கத்துத் துண்டு அவருடையது. தினமும் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் நடக்கிறார்.”